ஒரே பெட்டியில் படமும் பாட்டும்!



"கம்ப்யூட்டர் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லுவார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "அதுல என்ன வேலை செய்யப் போறே?" என்பதுதான்.

எங்க பெரியப்பா பையன், அதாவது எனக்கு அண்ணன், இரண்டு வேலை செய்கிறார். பகலில் பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன். ராத்திரியில் கானா பாட்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டரைப் போன வருஷம் நாங்களே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்தோம். பெரியம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது. ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்று, எந்தப் பார்ட் எதற்கு என்பதை நோட்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போனோம். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே உங்களுக்காக எழுதுகிறேன்.

படத்துக்கு இடம் வேண்டும்

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் தன்மை என்று 4 பைட் வேண்டும். 10 அடிக்கு 6 அடி பேனர் ஒன்றை அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 8,640 புள்ளி, உயரம் 5,184 புள்ளி. பெருக்கினால் சுமார் 4 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒரு லேயருக்கே சுமார் 180 எம்.பி. ஆகிறது. தலைவர் படம், பூ, எழுத்து, பின்னணி என்று பத்து லேயர் வந்தால் 1,800 எம்.பி. ஆகிவிடும்!

இவ்வளவும் வேலை நடக்கும்போது ரேமில் இருக்க வேண்டும். ரேம் பத்தாவிட்டால் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் வைத்துவிட்டு எடுத்து எடுத்து வரும். அப்போதுதான் "சிஸ்டம் தொங்குது" என்கிறோம். ஆக, படத்துக்கு முதல் தேவை ரேம்.

பாட்டுக்கு நேரம் வேண்டும்

பாட்டு இதற்கு நேர்மாறு. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த ஒலியைச் சரியாகப் பிடிக்க, ஒரு செகண்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்து எழுத வேண்டும். அதனால்தான் 1982ல் வந்த இசை சி.டி.யில் செகண்டுக்கு 44,100 அளவுகள். வீடியோவுக்கு 48,000. ஒரு குரலை 48,000, 24 பிட் என்று பதிந்தால் நிமிடத்துக்கு 8.6 எம்.பி.தான் ஆகும். 4 நிமிடப் பாட்டை எட்டு டிராக்கில் பதிந்தாலும் 280 எம்.பி.யைத் தாண்டாது. பேனரின் இரண்டு லேயர் அளவுகூட இல்லை!

அப்புறம் என்ன கஷ்டம்? நேரம்தான் கஷ்டம். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. ஒரு டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் அனுப்பும். அந்த டப்பாவுக்கு பஃபர் என்று பெயர். பஃபர் 256 துளி என்றால் 5 மில்லி செகண்டு தாமதம். 1,024 துளி என்றால் 21 மில்லி செகண்டு. காற்றில் ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 21 மில்லி செகண்டு என்பது டோலக் அடிப்பவர் 7 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது மாதிரி. போக ஒரு டப்பா, வர ஒரு டப்பா என்பதால் உண்மையில் தாமதம் இன்னும் கூடும். ஹெட்போனில் தன் குரலே லேட்டாக வந்தால் எவ்வளவு நல்ல பாடகருக்கும் தாளம் தப்பும்.

பஃபரைச் சின்னதாக வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் ப்ராசசர் வேகம் பத்தாவிட்டால் 'டப் டப்' என்று வெட்டும். விண்டோஸில் ஏசியோ என்ற டிரைவர் போட்டால் இந்தத் தாமதம் நன்றாகக் குறையும். ஸ்டெயின்பெர்க் என்ற ஜெர்மனி கம்பெனி 1997ல் கொண்டு வந்தது அது.

இரண்டுக்கும் சண்டை

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கிராபிக்ஸ் வேலைக்குச் சக்தி வேண்டும். சக்தி வந்தால் சூடு வரும். சூடு வந்தால் ஃபேன் சுத்தும். ஃபேன் சுத்தினால் சத்தம். பாட்டுப் பதிவுக்கோ அமைதி வேண்டும். ஒரே பெட்டி இரண்டையும் எப்படிச் செய்யும்?

இதை ஏன் இவ்வளவு பெரிசா சொல்றேன்னா, எங்க தெருவில் சாவு வீடுகளில் கானா பாடும் தாத்தா ஒருவர் இருந்தார். அவர் காலமாகிவிட்டார். அவர் குரல் என்று மிச்சம் இருப்பது ஒரு செல்போனில் உள்ள ஒரே ஒரு பாட்டு. அதிலும் டேபிள் ஃபேன் சத்தம்தான் முன்னால் வருது, குரல் பின்னால் போயிடுது. சாஃப்ட்வேர் போட்டுச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம். சத்தத்தோடு குரலும் தேய்ந்தது. பதியும்போதே சுத்தமாகப் பதிய வேண்டும் என்பதை அந்தப் பாட்டுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

சண்டையைத் தீர்க்க நாங்கள் செய்தவை:

* சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதே காற்று வரும், சத்தம் குறையும். அதனால் 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டோம்.
* ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றும், சத்தம் வரும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. தினசரி வேலைக்கு எஸ்.எஸ்.டி., பழைய வேலைகளைச் சேமிக்க மட்டும் ஹார்டு டிஸ்க்.
* பாடும் நேரத்தில் டிசைன் சாஃப்ட்வேரைத் திறப்பதில்லை. வீடியோ ரெண்டர் போடுவது பதிவு முடிந்த பிறகுதான்.
* கார்டியாய்டு மைக் முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். அதன் முதுகைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தோம்.

கடைக்குப் போகும்போது

2021ல் மெட்ரோ நம்ம பக்கம் வந்ததிலிருந்து ரிச்சி தெரு போவது சுலபம். திருவொற்றியூர் தேரடியில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு கடையில் அண்ணனுக்குக் கலர் லைட் எரியும் கேபினெட்டும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் காட்டி, "இதுதான் டாப்" என்றார்கள். நோட்டு கையில் இருந்ததால் தப்பித்தோம். நாங்கள் பார்த்த வரிசை இது:

ப்ராசசர்: இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. விலை குறைவு என்று ஏமாறக் கூடாது.

ரேம்: 16 ஜி.பி. வேண்டுமானால் ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்குங்கள. இரண்டு பாதையிலும் தகவல் போய்வரும், வேகம் கூடும்.

கிராபிக்ஸ் கார்டு: பேனர், பத்திரிகை, போட்டோ வேலைக்கு ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். பிளெண்டரில் முப்பரிமாண வேலை, பெரிய வீடியோ வேலை என்றால்தான் தனி கார்டு. அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பணம்தான் மைக்காகவும் ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் மாறியது.

எஸ்.எம்.பி.எஸ்.: கேபினெட்டோடு சும்மா கொடுப்பதை நம்ப வேண்டாம். '80 பிளஸ்' முத்திரை பார்த்துத் தனியாக வாங்குங்கள். அது கெட்டால் தன்னோடு மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும்.

மானிட்டர்: ஐ.பி.எஸ். திரை. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. திரையில் ஒரு சிவப்பு, பேனரில் வேறு சிவப்பு என்றால் கஸ்டமர் சண்டைக்கு வருவார்.

இன்னொன்று. ஆபீஸ்களில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாக வருகின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

மைக்கிலிருந்து பெட்டி வரை

மதர்போர்டில் உள்ள மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் 'உஸ்' என்ற இரைச்சல் வரும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது தனிப் பெட்டி. மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யூ.எஸ்.பி. வழியாகக் கொடுக்கும்.

மைக் ஒயரில் ஒரு அழகான சூத்திரம் உண்டு. மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் இரண்டு கம்பிகள் ஒரே ஒலியை எதிரெதிராகக் கொண்டு போகும். வழியில் சேரும் கரண்ட் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பாட்டு இரட்டிப்பாகும், இரைச்சல் அடிபட்டுப் போகும். நம்ம கணக்குப் பாடத்தில் வரும் கழித்தல்தான்! இதனால் ஒயரைப் பல மீட்டர் நீட்டி மைக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி வைக்க முடிகிறது.

அறை விஷயம்: வெறும் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, சுவரில் போர்வையும் பாயும் தொங்கவிட்டுப் பாடினால் எதிரொலி குறையும். கன்டெய்னர் லாரி போகும்போது வரும் 'கும்' ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குரலுக்குச் சேதம் இல்லை, லாரி கொஞ்சம் தூரமாகப் போய்விடும்.

நம்ம ஊருக்கான கவனம்

நம்ம சடையங்குப்பத்தில் 2015லும் 2021லும் 2023லும் வெள்ளம் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. அதனால் கேபினெட் தரையில் கூடாது. எங்கள் வீட்டில் அது சிமெண்ட் ஷெல்ஃபில் இருக்கிறது. பாட்டு, டிசைன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தனி ஹார்டு டிஸ்க்கில், அதுவும் வேறு வீட்டில். பெட்டி நனைந்தால் மறுபடி வாங்கலாம். குரல் நனைந்தால் வாங்க முடியாது.

உப்புக் காற்று ரேமின் தங்க நிறப் பற்களில் படிந்து கறுக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் அடித்தால், ரேமைக் கழற்றி அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்டால் பல நேரம் சரியாகும்.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் கேட்டால் அது பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நீங்களே திறக்காதீர்கள். யூ.பி.எஸ். கட்டாயம். பாதிப் பாட்டில் கரண்ட் போனால் சேவ் செய்ய அந்தப் பத்து நிமிடம் போதும்.

பொருத்தும் வரிசை

1. கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.
2. ப்ராசசரின் மூலையில் உள்ள முக்கோணத்தையும் சாக்கெட் முக்கோணத்தையும் சேர்த்து வையுங்கள். அழுத்தவே கூடாது.
3. தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு. மேலே கூலர். கூலர் ஒயரைச் செருகுங்கள்.
4. ரேமை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.
5. கேபினெட்டில் ஸ்டாண்டு ஸ்க்ரூ போட்ட பிறகே மதர்போர்டு. நேராக இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும்.
6. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் மதர்போர்டுக்கு, 8 பின் ப்ராசசருக்கு.
7. எல்லாம் சரிபார்த்து, கடைசியில் கரண்ட்.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம். படத்துக்கு கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா. ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி. எல்லாம் இலவசம், முறையானது.

வீட்டில் இருந்தே முடியுமா?

முடியும். ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினார். 1992ல் 'ரோஜா' வந்தது. அன்று அதற்கு நிறைய பணம் தேவைப்பட்டது. இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை ஒரு சீட்டுப் பணத்துக்குள் செய்ய முடிகிறது. நம்ம வடசென்னை கானாவும் 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மூலம் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மேடை ஏறியது. பாட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுத்தமாகப் பிடிக்கும் பெட்டிதான் இதுவரை இல்லை.

அதனால் நண்பர்களே, கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, செய்யப்போகும் வேலையை முதலில் எழுதுங்கள். பார்ட்ஸ் பெயர் இரண்டாவது. விலை மூன்றாவது. இந்த வரிசை மாறினால் லைட் எரியும், வேலை ஓடாது!

உங்களுக்கு ஒரு கேள்வி: 6 அடிக்கு 4 அடி பேனர், அங்குலத்துக்கு 72 புள்ளி. ஐந்து லேயர் இருந்தால் எத்தனை எம்.பி. ரேம் பிடிக்கும்? விடையைத் தாளில் எழுதி, சுவர் இதழ் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.



– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு