ஐந்து டாலருக்கு அடுத்தவர் கவலை!

வெள்ளிக்கிழமை ராத்திரி. நியூயார்க்கில் சினிமா, நாடகம், ஜாஸ் என்று பொழுதுபோக்குக்கா பஞ்சம்? அதையெல்லாம் விட்டுவிட்டு மன்ஹாட்டன் கிழக்கு 65-ஆம் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் கூட்டம் நுழையும். கட்டணம் ஐந்து டாலர். காபி, பிஸ்கட் இலவசம்! மேடையில் ஆட்டமா, பாட்டமா? ஊஹூம். யாரோ ஒருவர் தன் கவலையைச் சொல்வார். ஆல்பர்ட் எல்லிஸ் அதை எல்லார் முன்னாலும் பிரித்து மேய்வார்!

ஆர்.இ.பி.டி. என்ற உளவியல் சிகிச்சை முறையை 1950-களில் உருவாக்கியவர் இவர். 1965-இல் தொடங்கிய இந்த வெள்ளிக்கிழமைக் கச்சேரி ஏறக்குறைய 40 ஆண்டு நடந்தது.

ஒத்திகை கிடையாது, நடிகர்கள் கிடையாது. கூட்டத்தில் கை தூக்கியவர்தான் அன்றைய நாயகர். "முதலாளி எல்லார் எதிரிலும் திட்டிவிட்டார், தூக்கமே போச்சு" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். சின்ன வயசுக் கதையெல்லாம் எல்லிஸுக்குத் தேவையில்லை. திட்டு விழுந்தது ஒரு பக்கம், தூக்கம் போனது இன்னொரு பக்கம். நடுவே ஒளிந்திருக்கிறதே, 'என்னை எல்லாரும் மெச்சியே ஆகணும்' என்ற பிடிவாதம், அதன் குடுமியைத்தான் பிடிப்பார். அப்படி எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று மடக்குவார். நடுநடுவே கெட்ட வார்த்தை வேறு தாராளமாக வந்து விழும். (இங்கே அச்சிட ஆசிரியர் விடமாட்டார்.) பிறகு கூட்டத்தின் முறை. ஆளாளுக்குக் கேள்வி, ஆளாளுக்கு யோசனை! பிரபலமான மெட்டுகளுக்குக் கிண்டல் வரிகள் எழுதிப் பாடுகிற பழக்கமும் அவருக்கு இருந்தது.

மனசைத் திறக்க மூடிய கதவு வேண்டாமா? எனக்கும் அதே சந்தேகம்தான். அங்கேதான் சூட்சுமம். 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்பதுதான் நோய் என்றால், நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சொல்வதே பாதி மருந்து! ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வில் தவிப்பவருக்கு இந்த மேடை போதாது. அவருக்குத் தனி அறையும் நிறைய நேரமும் வேண்டும்.

இந்த வைத்தியத்தை எல்லிஸ் முதலில் தனக்கே செய்து பார்த்தவர். 19 வயதில் பெண்களிடம் பேசவே நடுங்கியவர், பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரே மாதத்தில் சுமார் 100 பெண்களிடம் வலியப் போய்ப் பேசினார். சந்திக்கச் சம்மதித்தது ஒரே ஒருவர். அவரும் வரவில்லை! பையன் உயிரோடுதான் இருந்தான், பயம்தான் ஓடிப்போனது.

கூச்சப்படுவதை வலியப் போய்ச் செய்கிற இந்த உத்தியையே பிற்காலத்தில் தன்னிடம் வந்தவர்களுக்கும் வீட்டுப்பாடமாக்கினார். ரயிலில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உரக்கக் கத்துங்கள். வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டி மாதிரி தெருவில் இழுத்துப் போங்கள்! யாருக்கும் தொல்லை வரக் கூடாது, வேலைக்கும் வேட்டு வரக் கூடாது என்பது நிபந்தனை.

நம்மூரில் வாழைப்பழத்துக்குக் குறைச்சலில்லை. ஒரு முழம் கயிறு மட்டும் தேடிக்கொள்ளுங்கள்!