காதல் கதைக்கு இரண்டாம் பாகம் வேண்டுமா?

நல்ல காதல் படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்களுக்கும் அந்த ஆசை இருக்கும். வெளியில் சொல்ல மாட்டார்கள். கதை முடிந்துவிட்டது, நம் மனம் மட்டும் முடிக்க மறுக்கிறது. அப்படியானால், மனத்துக்கு இனிய காதல் கதைக்கெல்லாம் தொடர்ச்சி வேண்டுமா? இந்தக் கேள்விக்குத் தமிழிலே ஒரு பழைய விடை இருக்கிறது.

கோவலன் கண்ணகி கதையை நீங்கள் அறிவீர்கள். 1964-ஆம் ஆண்டில் வந்த 'பூம்புகார்' படத்தின் வழியாகவும் பலர் அறிந்திருப்பீர்கள். புகார் நகரத்திலே மணமுடித்த கோவலன், ஆடலரசி மாதவியிடம் மனத்தைப் பறிகொடுத்தான், பொருளை இழந்தான், பிறகு மனைவியிடம் திரும்பினான். மதுரைக்குப் போய்ச் சிலம்பு விற்கும்போது கள்வன் என்று கொல்லப்பட்டான். கண்ணகி நீதி கேட்டாள், மதுரை எரிந்தது. அதன்பின் அவள் எங்கே போனாள்? நம்மைப் போல மலையிலே வாழ்ந்த மக்களிடம் போனாள். வேங்கை மரத்தின் நிழலிலே நின்ற அவளை, விண்ணிலிருந்து வந்த கோவலன் அழைத்துச் சென்றதைக் குறவர்கள் கண்டார்கள் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திலே பாடுகிறார்.

பிரிந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள். காதல் கதை என்ற அளவிலே அது நிறைவாகிவிட்டது. அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. ஆனால் புகாரிலே ஒரு வீட்டில் மாதவி இருக்கிறாள். அவளுக்குக் கோவலனால் பிறந்த பெண் குழந்தை இருக்கிறது. தந்தை கொலையுண்டார், அந்தக் குழந்தையின் கதி என்ன? சிலப்பதிகாரம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

இந்த இடத்திலேதான் சீத்தலைச் சாத்தனார் எழுதுகோலை எடுத்தார். அவர் பாடியதே மணிமேகலை. இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம்; ஒவ்வொன்றிலும் 30 காதைகள். சிலப்பதிகாரத்தின் முடிவிலேயே, மணிமேகலையோடு சேர்ந்துதான் இதன் பொருள் நிறைவடைகிறது என்ற குறிப்பு உண்டு. பிற்காலத்திலே உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, சிலப்பதிகாரத்தை 1892-லும் மணிமேகலையை 1898-லும் அச்சேற்றினார்.

சரி, சாத்தனார் என்ன செய்தார்? பாட்டி சித்திராபதிக்கு ஒரே எண்ணம்: பேத்தியும் குலத்தொழிலுக்கு வந்து ஆட வேண்டும். இந்திர விழா வருகிறது. ஆட வரவில்லையே என்று ஊர் பழிக்கிறது. மாதவியோ மறுத்துவிடுகிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், அவள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள். கவனியுங்கள், நேயர்களே! தான் பெற்ற பிள்ளையைக் கண்ணகியின் மகள் என்கிறாள் மாதவி. முதல் கதையிலே ஒருவனுக்காக எதிரெதிரே நின்ற இரண்டு பெண்களும் இரண்டாம் கதையிலே ஒரு பிள்ளைக்குத் தாய்மார்கள் ஆகிவிடுகிறார்கள்.

பழைய காதலையே இன்னொரு முறை நடத்திக் காட்டவும் சாத்தனாருக்கு வழி இருந்தது. சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விரும்பினான். அவள் நெஞ்சமும் அவன்பின் போனது. இன்னொரு கோவலன், இன்னொரு மாதவி என்று பாடியிருக்கலாம். புலவர் அதைச் செய்யவில்லை. அவள் கையிலே அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கொடுத்தார். அள்ள அள்ளக் குறையாத அந்தச் சோற்றால் அவள் ஊரின் பசியை ஆற்றினாள். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள்.

இதற்கு மாறான வழியும் உண்டு. கம்பர் இராமன் முடிசூடியதோடு தம் காவியத்தை நிறுத்திவிட்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதை, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தர காண்டத்தில் உள்ளது. அந்தப் பகுதி அழகாக இருக்கலாம். ஆனாலும் பதினான்கு ஆண்டுத் துயருக்குப் பின் சேர்ந்தவர்களை அது மறுபடி பிரிக்கிறது. மகுடம் சூட்டியதோடு கதையை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே விடை இதுதான். சேர்ந்துவிட்ட காதலர்களைப் பற்றி மேலும் அறியும் ஆசைக்காகத் தொடர்ச்சி வேண்டியதில்லை. அவர்களுடைய செயலின் பலனைச் சுமக்க ஒரு பிள்ளை நின்றால், அந்தப் பிள்ளைக்காகத் தொடர்ச்சி வேண்டும்.

இது நம் வீட்டுக் கதையுமாகும். கேமரன் மலையிலே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அன்றிலிருந்து எண்ணிப் பாருங்கள். பாட்டி, தாய், மகள், பேத்தி என்று எத்தனை தலைமுறை! கொழுந்து பறிப்பது இழிவான வேலையன்று. அந்தக் கைகளால்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் கூடை சுமந்த தாயின் மகளும் கூடைதான் சுமக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது சித்திராபதியின் பேச்சு. என் மகள் என்ன ஆக வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும், நான் துணை நிற்கிறேன் என்று சொன்னால், அது மாதவியின் பேச்சையும் தாண்டிய பேச்சு.

தாய்மார்களே, தந்தைமார்களே! நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள், எப்படி மணந்தீர்கள் என்பது முதல் பாகம். அதை உங்கள் பிள்ளைகளுக்கு அன்போடு சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தை அவர்கள் எழுதட்டும்.