சிறுசேமிப்பில் ஒரு கப்பற் பிரயாணம்

கருங்கல்லை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரும் அவருடைய மனைவியாரும், 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சென்னைத் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலில் ஏறி, இரண்டு இரவுகளைக் கடலிலேயே கழித்து, மூன்றாம் நாட் காலையில் கரை திரும்பினர். செய்தி இவ்வளவே. ஆயினும் அவ்வாண்டு நடைபெற்ற அவர்களுடைய கடன் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கைக் காட்டிலும் இச்செய்தியே அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. "ஒரு பக்கம் பயிர்க்கடனுக்கு வட்டிச் சலுகை வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம், மற்றொரு பக்கம் நம்மில் ஒருவரே கப்பலில் உல்லாசமாகப் போய் வருகிறார். அரசாங்கத்தார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்டார். ஆய்வாளன் என்ற முறையில் அங்கே அமர்ந்திருந்தமையால், மறுமொழி கூறும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் பேரேட்டை வரவழைத்துப் பார்த்தே பேசினேன். கணவர் மனைவி இருவர் கணக்கிலும் தவணை கடந்த பாக்கி ஏதும் இல்லை. கணவர் நெசவாளர் சங்கத்திலும் அங்கத்தினர். அங்கே சேமிப்பு–பாதுகாப்புத் திட்டத்துக்காகக் கூலியில் பிடித்துவந்த பணத்தையும் அவர் தொடவில்லை. அம்மையார் தம் பெயரில் உள்ள பத்து சென்ட் நிலத்தில் ஏத்தன் வாழை வைத்து, குலை விற்ற பணத்தில் மாதந்தோறும் தொடர் வைப்புச் செலுத்தினார். வைப்பு முதிர்ந்தது, எடுத்துச் செலவிட்டார். எதற்காகச் செலவிட்டார் என்று வினவச் சங்கத்தின் துணைவிதிகளில் இடம் இல்லை.

விதி அவர்கள் பக்கம் நின்றது என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டவர் பொறாமைக்காரர் அல்லர். தவணை தவறாத நல்ல அங்கத்தினர். சிக்கனமாய் வாழ்கிறவன் இன்பத்துக்காகச் செலவிடலாமா என்பதே அவருடைய உள்ளத்தில் இருந்த ஐயம். நம் சங்கங்களுள் பலவற்றின் பெயரிலேயே 'சிக்கனம்' என்ற சொல் இருக்கிறது. சிக்கனம் எதற்காக என்பதைப் பற்றி நாம் அதிகமாகப் பேசுவதில்லை. ஆகவே ஒரு மாலையில் அத்தம்பதிகளின் இல்லம் சென்று, பிரயாண விவரத்தை அம்மையாரின் கணக்கு நோட்டுடன் வைத்துக் கேட்டறிந்தேன்.

வைப்புத் தொடங்கியது 2019 ஏப்ரலில். மாதம் 1,400 ரூபாய் வீதம் 36 தவணை. 2020-இல் ஊரடங்கு வந்து, குலை வாங்க ஆளின்றியும் நூல் வராமலும் இருந்த மூன்று மாதங்களில் தவணை செலுத்த இயலவில்லை. அம்மூன்றும் பின்னால் தள்ளிச் சென்று 2022 ஜூனில் நிறைவெய்தின. வட்டியோடு கைக்கு வந்தது 55,000 ரூபாயை ஒட்டிய தொகை. முதலில் அவர்கள் எண்ணியது வடநாட்டு ரயில் யாத்திரை. மூன்றாண்டுகளுக்குள் அம்மையாரின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டமையால், ஊருக்கு ஊர் விடுதி மாறுவதும் நிலையத்துக்கு நிலையம் படியேறுவதும் அவரால் ஆகாது என்றாயிற்று. கப்பலிலோ ஒரே அறை. பெட்டியை ஒரு முறை அவிழ்த்தால் போதும். மாடிக்கு மாடி மின்தூக்கி உண்டு. உணவு வேளை தவறாமல் கிடைக்கும். உல்லாசம் என்று ஊரார் பழித்தது, உண்மையில் கால் வலிக்காரருக்கு ஏற்ற பிரயாண முறையாய் அமைந்தது.

இந்தக் கப்பல் சென்னைக்கு வந்த காரணத்தை நம் விவசாயிகள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். நம் குளச்சல் விசைப்படகுகளும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்தில் கரையிலேயே நிற்கின்றன. பம்பாயிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுகளுக்கும் ஓடிய கப்பலை அம்மாதங்களில் சும்மா நிறுத்திவைத்தால், மாலுமிகளின் சம்பளமும் எண்ணெய்ச் செலவும் நிற்பதில்லை. ஆகவே கோர்டேலியா நிறுவனத்தார் அதனைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். தமிழ்நாட்டு முதலமைச்சர் 2022 ஜூன் 4-ஆம் நாள் சென்னையில் அச்சேவையைத் தொடங்கி வைத்தார். உல்லாசக் கப்பல் தொழில் பிறந்ததும் இத்தகைய கணக்கினாலேயே. ஜெர்மனியில் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆள் இல்லாமல் கப்பல்கள் வீணே நிற்பதைக் கண்டு, 1891 ஜனவரியில் 'அகுஸ்தா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலில் சுற்றிக் காட்டுவதற்கென்றே அனுப்பினார். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று இல்லாத கப்பற் பிரயாணம் அன்றைக்கு விந்தையாகவே தோன்றியிருக்கும்.

நம்மவர் ஏறிய 'எம்பிரஸ்' கப்பல் 1990-இல் பிரான்சு நாட்டின் சான் நசேர் துறையில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயருடன் கட்டப்பட்டது. மயாமியிலிருந்து பகாமா தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுப் பிரயாணம் செய்வோருக்கென்றே அமைத்தது. நீளம் ஏறத்தாழ 211 மீட்டர். தங்குவது சில இரவுகளே என்பதால் அறைகள் சிறியவை. அம்மையார் கூறியபடி, "நம் அடுக்களை அளவுதான் அறை, ஆனால் அதில் அடுப்பு இல்லை."

அறைகளில் சன்னல் உள்ளவை, முகப்பு உள்ளவை, சன்னலே இல்லாதவை எனப் பல தரங்கள் உண்டு. இவர்கள் எடுத்தது கடைசித் தரம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில். விலை குறைவு என்பதற்காகவே எடுத்தார்கள். ஆனால் அதில் வேறொரு நன்மையும் இருந்தது. ஊஞ்சற் பலகையின் நுனியைவிட நடுவில் ஆட்டம் குறைவாயிருப்பதுபோல, கப்பலிலும் மேல்தளங்களையும் முன்பின் முனைகளையும் காட்டிலும் நடுவயிற்றில் அசைவு குறைவு. அப்படியிருந்தும் முதல் இரவு அம்மையாருக்குத் தலை சுற்றி வாந்தி எடுத்தது. சுக்கும் எலுமிச்சம்பழமும் கொண்டு போயிருந்தார். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தை நோக்கி அமர்ந்த பிறகு சமனப்பட்டது. சன்னலற்ற அறை உறங்குவதற்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டால் குறையொன்றும் இல்லை. கடலைக் காண மேல்தளம் எல்லாருக்கும் பொது, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இனிக் கட்டண விஷயம். இதனை நம் அங்கத்தினர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கு உரியது. அதுவும் ஒரே அறையில் இருவர் தங்குவதாக வைத்துக் கணக்கிட்டது. துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான கட்டணம், சரக்கு–சேவை வரி ஆகியவை அதன்மேல் ஏறும். கணவர் இவை யாவும் சேர்ந்த முழுத்தொகையைத் தாளில் எழுதி வாங்கிய பிறகே பணம் செலுத்தினார். அது இருவருக்குமாக அவர்கள் கையிருப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஆயிற்று. பொது உணவுக்கூடத்தில் மூன்று வேளை உணவும், மாலைக் கூத்தும் பாட்டும், நீச்சற்குளமும் அதில் அடக்கம். மதுவும், தனி உணவகங்களும், கப்பலிலுள்ள கடைகளும் அடங்கமாட்டா. கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவதில்லை. எது வாங்கினாலும் ஓர் அட்டையில் பற்று எழுதிக்கொண்டு, இறங்கும் முன் மொத்தமாகத் தீர்க்கிறார்கள். கையிலிருந்து காசு போகாதபோது செலவு தெரிவதில்லை என்பதை, கடைப்பற்று வைத்துக் கெட்டவர்களைக் கண்ட நாம் அறிவோம். அம்மையார் இரு இரவும் வரவேற்பு மேசைக்குச் சென்று தம் பற்று எவ்வளவு என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். முதல் இரவு பூஜ்யம். மறு இரவு இரண்டு காப்பி. சங்கத்துப் பாஸ்புத்தகத்தை ஆண்டுக்கு ஒரு முறைகூடச் சரிபார்க்காத அங்கத்தினர்கள் இதனைக் கவனிப்பார்களாக!

சூதாட்ட மேசைகளும் அக்கப்பலில் உண்டு. அதே கப்பல் 2022 ஜூனில் புதுச்சேரிக்கு எதிரே வந்து நின்றபோது, அனுமதி கிடைக்காமற் பிரயாணிகளை இறக்காமலே திரும்பியதைப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பர். ஊரில் எழுந்த வம்புப் பேச்சுக்கும் அதுவே வித்து. நம்மவர் அம்மேசைகளை எட்டிப் பார்த்ததோடு சரி.

கப்பல் புறப்படுமுன் எல்லாரையும் கூட்டி, அபாயச் சங்கு ஊதினால் எங்கே வந்து நிற்பது, மிதவைச் சட்டையை எவ்வாறு அணிவது என்று காட்டினார்கள். 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின் எழுந்த சர்வதேச உடன்படிக்கையின் விதி இது. புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ இதைச் செய்தாக வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். சிலர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தனராம். இவர்கள் இருவரும் மிதவைச் சட்டையை அணிந்து, கழற்றி, மறுபடியும் அணிந்து பார்த்தனர். கடலோர மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடலின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணவர் என்னிடம் அதிக நேரம் பேசியது கடலைப் பற்றி அன்று. படுக்கை விரிப்பைப் பற்றி. நாற்பதாண்டு குழித்தறியில் இருந்தவர் வேறு எதைப் பார்ப்பார்? விரிப்பை விரலால் நெருடி, பாவும் ஊடையும் எண்ணி, அது விசைத்தறி நெசவு என்று கண்டார். நம்மூரார் துவர்த்து என்னும் துவாலையோ அறைக்கு நான்கு. ஈரமானால் மாற்றித் தருகிறார்கள். "இத்தனை நூறு அறைகளுக்கு எத்தனை துவர்த்து வேண்டும், பாருங்கள் சார்! இதில் நூற்றில் ஒன்றாவது நம் தறியில் போனால் எத்தனை பேருக்கு வேலை!" என்றார். கப்பல்காரருக்கு வேண்டியது ஒரே அளவு, ஒரே எடை, ஓயாத சலவையைத் தாங்கும் நெசவு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நம் தலைமை நிறுவனம் கப்பல்களையும் விடுதிகளையும் நாடிச் சென்று மாதிரி காட்டுவது, நடவாத காரியம் என்று நான் கருதவில்லை. உல்லாசத்துக்குப் போனவர் ஒரு சந்தையைக் கண்டு வந்தார்.

அம்மையாருக்கோ வேறொன்று நிலைத்து நின்றது. இரண்டாம் நாள் முழுவதும் எப்பக்கமும் கரை இல்லை. உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தபோது, கலியாண வீடு தவிர வேறெங்கும் பிறர் சமைத்ததை அடுத்தடுத்து இரண்டு நாள் தாம் உண்டதில்லை என்று நினைவு வந்ததாம். "இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வேளைச் சோறும் வைக்காத நாள் அதுதான். முதலில் கை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது" என்றார். கணவர் அப்போது தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி தலை குனிந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை.

சிக்கனக்காரத் தம்பதிகளின் பிரயாணம் என்றால், கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதிகளைப் பலரும் நினைப்பர். நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அக்கடனை அடைத்து, மறுபடியும் புறப்படுவது அவர்கள் வழக்கம். 2007-இல் தொடங்கி இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். 2021 அக்டோபரில் ருஷியா சென்று திரும்பி, அடுத்த மாதமே விஜயன் காலமானார். நாள்தோறும் ரொக்கம் வரும் கடைக்கு அம்முறை ஒத்துவந்தது. குலை வெட்டினால் பணம், மழை பொய்த்தால் இல்லை என்று வாழும் நமக்கு, பிரயாணத்துக்காக நகைக்கடன் எடுப்பது ஆகாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். முன்னே சேர்த்துப் பின்னே செலவிட்ட கருங்கல் தம்பதிகளின் முறையையே நான் சிபாரிசு செய்வேன். குழித்துறையில் அனந்தபுரி வண்டி ஏறியது முதல் வீடு திரும்பியது வரை யாவும் போக, எஞ்சிய 6,000 ரூபாயை அவ்வம்மையார் அடுத்த தவணைகளுக்கு முன்பணமாகச் செலுத்திவிட்டார்.

அவ்வளவு தொகை சேர்க்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தூர்ந்துபோனமையால் நம் ஊர்ப் பக்கம் வள்ளப் பிரயாணம் அற்றுவிட்டது. ஆனால் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை விடும் படகில், பஸ் கட்டணம் போன்ற சிறு தொகைக்குக் குட்டநாட்டு வயல்களினூடே போகலாம். அங்குள்ள கெட்டுவள்ளங்கள், பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டியவை; முன்பு நெல் ஏற்றியவை, இன்று விருந்தினரை ஏற்றுகின்றன. இன்னும் அருகில் வேண்டுமானால், பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தார் 2023 மே மாதத்தில் கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைவரை படகுச் சவாரி தொடங்கினர். தொடக்கத்தில் கட்டணம் சாதாரண இருக்கைக்கு 350 ரூபாய், குளிரூட்டிய இருக்கைக்கு 450 ரூபாய். காற்றும் அலையும் மிகுந்த நாட்களில் படகு விடமாட்டார்கள். ஆகவே கருங்கல்லில் பஸ் ஏறுமுன் விசாரித்துக்கொண்டு போவது நன்று.