பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கும் முன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. யாரும் விலை கேட்காதிருந்த நத்தம் வீடும் பின்கட்டு மாட்டுக் கொட்டகையும் இன்று பல லட்சம் பெறும் சொத்துகள். இத்தகைய வீட்டை அண்ணன் தம்பிகள் நடுச்சுவர் எழுப்பி, வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டு அனுபவித்து வருவதுண்டு. வங்கியில் கடன் கேட்கும்போதோ, விலை பேசும்போதோதான் அந்தப் பிரிவினை செல்லுபடியாகாத சங்கதி தெரிய வருகிறது.

முதலில், பங்குதாரர் யார் யார் என்பதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். இங்கு கூறப்படுவது இந்துக் குடும்பங்களுக்கான வாரிசுரிமை. மற்ற சமயத்தவருக்குச் சட்டம் வேறு. 1989-ம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தச் சட்டம், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்குமாறு பெண்கள் கேட்க முடியாது என்றிருந்த பழைய தடையும் அப்போதே போயிற்று. தந்தை அந்தத் தேதிக்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ, நீதிமன்ற டிக்ரி மூலமாகவோ நடந்த பாகப்பிரிவினைகளை இச்சட்டம் கலைப்பதில்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதம், அரசு ஆவணங்களின் ஆதாரம் உள்ள அபூர்வ நேர்வுகளில் தவிர, எடுபடாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. கட்டிக்கொடுத்த சகோதரியின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை நம்பி மாடி எழுப்புவது, ஈரத் தரையில் வைக்கோற்போர் போடுவதற்குச் சமம்.

தாயின் பங்கைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தந்தை உயில் எழுதாமல் இறந்தார். தாய், இரு மகன்கள், இரு மகள்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு தந்தை சுயமாகச் சம்பாதித்ததானால் ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பூர்வீகமானால் தந்தைக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஐந்து பாகமாக்கி, தந்தையின் பாகத்தை மட்டும் மீண்டும் ஐவருக்குப் பிரிக்க வேண்டும். தாய்க்கு 25-ல் ஒரு பங்கே கிடைக்கும். ஆகவே மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் பங்கு பேசக் கூடாது. வயதான தாய் அந்த வீட்டில் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நலம்.

செலவுக்கு அஞ்சியே பலர் பதிவைத் தள்ளிப்போடுகின்றனர். அத்தனை அச்சம் தேவையில்லை. குடும்பத்தினருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலை 10 முதல் ஒரு பங்குக்கு இவற்றின் உச்சவரம்பு முறையே ரூ.40,000, ரூ.10,000. பங்கு ஒன்று ரூ.15 லட்சம் மதிப்புடையதானால் தீர்வை ரூ.15,000, கட்டணம் ரூ.10,000, ஆக ரூ.25,000. அதே மதிப்பை விற்பனைப் பத்திரமாக எழுதினால் 9 சதவீதம், அதாவது ரூ.1,35,000 ஆகும்.

நான்கெல்லையும் அளவும் எழுதினால் மட்டும் போதாது. பொதுக் கிணறு, மோட்டார் மின் இணைப்பு, மாடும் வண்டியும் போகும் பாதை, மழைநீர் வடியும் வழி ஆகியவை யாருக்கு எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். சண்டை பெரும்பாலும் இவற்றில்தான் முளைக்கிறது. பதிவு முடிந்தபின் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவும், வீட்டு வரியில் பெயர் மாற்றமும் பெற வேண்டும்.

கூட்டுக் குடும்பச் சொத்தை அவரவர் பங்குப்படி முழுமையாகப் பிரித்துக்கொள்வது வருமான வரிச் சட்டப்படி விற்பனை ஆகாது. ஆனால் ஒருவர் ரொக்கம் பெற்றுக்கொண்டு தம் பங்கை விடுதலைப் பத்திரத்தில் விட்டுக்கொடுத்தால், அவருக்கு மூலதன ஆதாய வரி வரக்கூடும். பின்னாளில் விற்றால் வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் அடைந்த வீடு, மனைக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கக் குறியீட்டின்படி அசலை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம்; இதில் எது குறைவோ அது. பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை அசலாகக் கொள்ளலாம். மனையைப் பொறுத்தவரை அன்றைய வழிகாட்டி மதிப்பை அது மிஞ்சக் கூடாது.

பயிர் நிலத்துக்கு வரி இல்லை என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் பொருந்தாது. சென்னை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் உள்ள நிலம் வரிக்கு உட்பட்டதே. விற்பதற்கு முந்தைய இரண்டாண்டுகள் அதில் சாகுபடி நடந்திருந்து, விற்ற இரண்டாண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கிடைக்கும். இதற்கு அடங்கலும் கிஸ்து ரசீதுமே சாட்சி. அவற்றைப் பாகப்பத்திரத்துடன் சேர்த்து ஒவ்வொரு பங்காளியும் ஒரு நகல் வைத்திருக்க வேண்டும்.