மண்ணின் நிறங்கள் – 9: துவர்ப்பின் நிறம் செம்பழுப்பு

வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் கத்தக்காம்பு ஒன்றை உடைத்துப் பாருங்கள். மேற்புறம் செம்பழுப்பு, உள்ளே வெளிறிய மஞ்சட்பழுப்பு. காற்றுப் படப்படத்தான் அது சிவந்து கருக்கிறது. ஜொகூர் மாநிலம் எழுந்ததில் இந்தக் கட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

1844 முதல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றங்கரைகளைச் சீனக் குடியேறிகளுக்கு உரிமைச் சீட்டு எழுதிப் பிரித்துக் கொடுத்தார். 'காங்சூ' என்ற ஆற்றுத் தலைவரின் கீழ் மிளகும் கத்தக்காம்பும் சேர்ந்தே வளர்ந்தன. கத்தக்காம்புச் செடியின் இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, சாற்றைச் சுண்டவைத்து, உறைந்ததும் துண்டு போட்டு உலர்த்துவார்கள். வெந்த சக்கை மிளகுக்கொடிக்கு உரமாகும். கட்டிகள் சிங்கப்பூரில் கப்பலேறி இங்கிலாந்தின் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போயின. அடுப்புக்கு விறகானது சுற்றியிருந்த காடு. சில ஆண்டுகளில் மண் சத்திழக்கும். தோட்டம் அடுத்த காட்டுக்கு நகரும். காங்சூ முறை 1917இல் ஒழிந்தது. ஜொகூரின் அரசுச் சின்னத்தில் மிளகும் கத்தக்காம்பும் இன்றும் இருக்கின்றன.

நாக்கைச் சுருக்கும் துவர்ப்புக்குக் காரணம் டானின். புரதத்தை இறுகப் பற்றிக்கொள்வது அதன் குணம். டானின் நிறைந்த இலையைத் தின்னும் புழுவுக்கு எளிதில் செரிக்காது; பட்டையில் பூஞ்சை எளிதில் ஏறாது. செத்த மாட்டின் தோலை அழுகாத செருப்பாக்குவதும் அதே குணம்தான். மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த சரக்கைத்தான் மனிதன் காய்ச்சி விற்றான்.

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயின் அலையாத்திக் காட்டிலும் இதே கதை. அங்குள்ள கண்டல் இன மரங்களின் பட்டையைச் சீவினால் உள்ளே சிவப்பு தெரியும். நைலான் வருவதற்கு முன், மலாய்க் கடலோர மீனவர்கள் இத்தகைய பட்டையை ஊறவைத்த சாயத்தில் பருத்தி வலையைத் தோய்ப்பார்கள். உப்புநீரில் வலை சீக்கிரம் இற்றுப்போகாது. பொந்தியான் பக்கம் அன்னாசி விளையும் கரிமண் நிலத்தின் வாய்க்கால் நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளினால் பால் விடாத தேநீர் போலிருக்கும். மட்கிய இலையும் வேரும் இறக்கிய நிறம் அது.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர்க்கு இன்னொரு செம்பழுப்பும் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்த்த பால்மரம் மீண்டும் துளிர்க்கும்போது, தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். அது ஆந்தோசயனின் என்ற வேறொரு நிறமி. பச்சையம் நிறையும்வரை இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது என்பார்கள்.

இலையில், பட்டையில், தளிரில் செம்பழுப்பு ஏறியிருப்பது பெரும்பாலும் காவலுக்காகவே. அந்தக் காவலையே சரக்காக்கி, காட்டையே விறகாக்கிய காலம் இந்த மாநிலத்தில் நடந்து முடிந்தது. தஞ்சோங் பியாய் 2003இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது. அலையை வாங்கிக் கரையைக் காக்கும் அந்த மரங்களுக்குக் காகிதத்தில் உள்ள பாதுகாப்பு களத்திலும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பு கரையில் வாழும் நமக்கு இருக்கிறது.

(அடுத்த வாரம்: சேற்றின் சாம்பல்)