வெளிக்கதவும் உள்கதவும்



2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மலேசிய நாட்டின் நீலாய் நகரில், மகளிருக்கான ஆசிய ஃபுட்சால் சாம்பியன் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. இறுதியாட்டத்தில் ஈரானும் ஜப்பானும் மோதின. 1-0 என்ற கணக்கில் ஈரான் வென்றது. தலைமுக்காடும் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்த அந்தப் பெண்கள் கோப்பையை உயர்த்திப் பிடித்தபோது, அவர்களுடைய அணித்தலைவி மட்டும் அந்த அரங்கில் இல்லை.

அவர் நோயுற்றிருந்தாரா? இல்லை. ஆட்டத்திறன் குன்றிப்போயிற்றா? அதுவுமில்லை. அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதற்குக் கணவரின் சம்மதம் தேவைப்பட்டது. கணவர் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான்!

அந்தப் பெண்மணியின் பெயர் நிலூஃபர் அர்தலான். கோல் அடிப்பதில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்டு 'கோல் சீமாட்டி' என்றே ரசிகர்கள் அவரை அழைத்தனர். அவரையும் அவருடைய அணியையும் பற்றி உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன். "மார்க்கக் கல்வி போதிப்பவருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள், இது பந்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று என்பது விளங்கும்.

ஐவர் ஆடும் ஆட்டம்

ஃபுட்சால் என்பது கால்பந்தின் இளைய சகோதரி. 1930-ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொன்டெவிடியோ நகரில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் இதற்கு வித்திட்டார். பக்கத்துக்கு ஐவர் ஆடுவார்கள். ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட கெட்டியான தரையே களம். பந்து சற்றுச் சிறியது, அதிகம் துள்ளாதது. பாதிக்கு 20 நிமிடமாக இரண்டு பாதிகள். பந்து களத்துக்கு வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். இடம் குறுகியதாகையால் உடல் வலிமையைவிடக் கால்களின் நுட்பத்துக்கும் கண நேரத்தில் முடிவெடுக்கும் அறிவுக்குமே இங்கு மதிப்பு அதிகம். நான்கு சுவர்களுக்குள் ஆடக்கூடியதாகவும் இருப்பதால், ஈரானிய நங்கையர் இதில் ஈடுபாடு கொண்டதில் வியப்பில்லை.

வெளிக்கதவு

அந்த நங்கையர் பன்னாட்டுக் களங்களை எட்டுவதற்குள் கடக்க வேண்டியிருந்த தடைகள் சிலவல்ல. கால்பந்துக்கும் ஃபுட்சாலுக்கும் தலைமை அமைப்பு ஃபிஃபா. கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் குழு, ஆட்டத்தின்போது தலைமுக்காடு அணிவதை 2007-ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. கழுத்து இறுகி ஆபத்து நேரலாம் என்பது பின்னர் எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காக ஜோர்தான் தலைநகர் அம்மானுக்குச் சென்ற ஈரானிய மகளிர் கால்பந்து அணி, அணிந்திருந்த உடையின் பொருட்டே ஆட்டத்தை இழந்தது. பந்தை ஒருமுறைகூட உதைக்காமல் தோற்ற அந்தப் பெண்கள் சிந்திய கண்ணீரை உலகம் பார்த்தது.

ஜோர்தானின் இளவரசர் அலீ பின் அல்ஹுசைன் ஃபிஃபாவின் துணைத்தலைவராக இருந்து, இத்தடையை நீக்கப் பெரிதும் பாடுபட்டார். அதன் பயனாக 2012-இல் சோதனை முறையிலும், 2014 மார்ச்சில் நிலையாகவும் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே நீலாயில் ஈரானியப் பெண்கள் ஆசியக் கோப்பையை வென்றார்கள். அவர்களிடம் அதுகாறும் இல்லாதிருந்தது திறமையா, வாய்ப்பா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே நீதி. ஈரானில் முக்காடு அரசின் சட்டம். விரும்பி அணிவோரும் விரும்பாமல் அணிவோரும் அந்த அணியில் இருந்திருக்கலாம். நாம் அறியோம். அவர்கள் உள்நாட்டில் ஆடிய ஆட்டங்கள் நெடுங்காலம் ஆண் பார்வையாளர் இன்றியே நடந்தன. கழற்று என்று ஆணையிட்ட குழுவும் சரி, அணி என்று ஆணையிட்ட அரசும் சரி, அந்தப் பெண்ணை அழைத்து "உன் விருப்பம் என்ன?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

உள்கதவு

உலகக் குழு தன் கதவைத் திறந்த மறு ஆண்டில்தான் நிலூஃபரின் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. திருமணமான பெண் பாஸ்போர்ட் பெறக் கணவரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்பது ஈரானியச் சட்டம். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்பு, மன்னராட்சிக் காலத்திலேயே இயற்றப்பட்டது அது. மகன் முதன்முதலாகப் பள்ளிக்குச் செல்லும் நாளில் தாய் உடனிருக்க வேண்டும் என்பதே கணவர் மறுத்ததற்குக் காரணமாகச் செய்திகளில் வந்தது.

அந்தக் காரணத்தை எளிதில் எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. பள்ளியின் முதல் நாளில் தாயின் கைவிரலைத் தேடும் குழந்தையை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் கேள்வி வேறு. இருவரும் அமர்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒன்றை, ஒருவருடைய மறுப்பு மட்டுமே தீர்த்துவைத்தது. பல்லாண்டு வியர்வை சிந்தி அவர் அமைத்த அணி அவரின்றியே புறப்பட்டது. பிறகு, அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நடந்த உலகப் போட்டிக்கு, நீதித்துறையின் தனி அனுமதி பெற்றே அவர் செல்ல முடிந்தது.

ஈரானியச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. வெளிநாடு செல்லும் உரிமையைத் திருமண ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகப் பெண் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளலாம். நிகாஹ் என்பது ஓர் ஒப்பந்தம் என்று நாமும் மேடைகளில் முழங்குகிறோம். அதில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் பேணி நிறைவேற்றுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டு நிகாஹ்களில் மஹர் தொகைக்கு அப்பால் மணமகளின் மனத்திலுள்ளதை யார் கேட்டு எழுதுகிறோம்? அவள் படிப்பு தொடருமா, அவள் தொழில் தொடருமா என்பதையெல்லாம் பந்தியில் பிரியாணி பரிமாறிய பிறகுதானே யோசிக்கிறோம்!

வெற்றிகள் தொடர்ந்தன

2018 மே மாதம் பாங்காக்கில் நடந்த இரண்டாம் ஆசியப் போட்டியில், ஷஹ்ர்ஸாத் முஸஃப்பர் என்ற பெண் பயிற்சியாளரின் வழிகாட்டலில் ஈரான் மறுபடியும் இறுதியாட்டத்தை எட்டியது. எதிரணி அதே ஜப்பான். இம்முறை 5-2 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. 2020-இல் குவைத்தில் நடக்கவிருந்த போட்டி கொரோனா நோயால் கைவிடப்பட்டது. ஏழாண்டு இடைவெளிக்குப் பின், 2025 மே மாதம் சீனாவின் ஹோஹாட் நகரில் கூடிய மூன்றாம் போட்டியில் ஜப்பான் வென்றது. தாய்லாந்து இரண்டாமிடம், ஈரான் மூன்றாமிடம். அந்த மூன்றாமிடமே உலகக் கோப்பைக்கு வழி திறந்தது.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஃபிஃபா தன் முதலாவது மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பையை நடத்தியது. 16 நாடுகள் பங்கேற்றன. பிரேசில், இத்தாலி, பனாமா ஆகியவற்றோடு ஒரே பிரிவில் அமைந்த ஈரான் காலிறுதியை எட்டவில்லை. பிரேசில் பட்டம் வென்றது. ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று வந்திருந்த மொராக்கோ காலிறுதி வரை சென்றது. இரு முறை ஆசியாவின் முடிசூடியவர்களுக்கு உலக அரங்கில் முதற்சுற்றோடு திரும்புவது கசப்புத்தான். எனினும் அது ஆடித் தோற்ற தோல்வி. ஆடவே விடாமல் தோற்கடிக்கப்பட்ட அம்மான் நாளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பதினான்கு ஆண்டுகளில் அவர்கள் கடந்த தொலைவு புலப்படும்.

நம் இல்லங்களுக்கு

பெண்கள் பொது அரங்கில் ஆடுவது, மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வது ஆகியவற்றில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் பயணம் ஒன்றின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், அன்னையார் வென்றதையும், பின்னொரு நாள் நாயகம் (ஸல்) வென்று புன்னகைத்ததையும் நாம் ஓதியிருக்கிறோம். மனைவியின் வெற்றியைக் கண்டு மகிழ்ந்த கணவரின் முன்மாதிரி அது.

உங்கள் மகள் ஓடக்கூடியவளாக இருக்கலாம். உங்கள் மனைவி பாடம் நடத்தவோ, தையற்கூடம் வைக்கவோ, மேற்படிப்புப் படிக்கவோ ஏங்குபவராக இருக்கலாம். உலகம் எழுப்பும் வெளிக்கதவுகளைத் தட்டச் சங்கங்களும் இளவரசர்களும் இருக்கிறார்கள். உள்கதவின் சாவியோ உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இன்றிரவு உணவுக்குப் பின், "உனக்கு என்ன ஆசை?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை வரச் சிறிது நேரம் ஆகலாம், பொறுமையோடு காத்திருங்கள். அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் நீதியையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.