சுவரில் தொங்கும் ஓவியத்தின் விலை என்ன?

புது தில்லி: ஓவியர் எம்.எஃப். ஹுசேன் 1954-ஆம் ஆண்டில் தீட்டிய "கிராம யாத்திரை" என்ற ஓவியம், 2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் நடைபெற்ற ஏலத்தில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ ரூ. 118 கோடியாகும். உலக சுகாதார நிறுவனத்தின் பணிக்காகத் தில்லி வந்திருந்த நார்வே மருத்துவர் ஒருவர் அந்த ஓவியத்தை வாங்கித் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தார். 1964-இல் ஆஸ்லோ நகர மருத்துவமனைக்கு அது அன்பளிப்பாகச் சென்றது. ஏல நிறுவனம் முன்கூட்டிக் கணித்திருந்த உச்ச விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்குத் தொகைக்கு அது விற்றது.

இத்தகைய செய்திகள் வெளியாகும்போதெல்லாம், வீட்டில் பழைய ஓவியம் வைத்திருப்போர் தம் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. விற்காத ஓவியங்களை அடுக்கி வைத்திருக்கும் ஓவியர்களுக்கும் இதே கேள்வி எழுகிறது. தங்கத்துக்கு அன்றாட விலை உண்டு. நிலத்துக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு உண்டு. ஓவியத்துக்கு அப்படியொரு விலைப்பட்டியல் கிடையாது. ஆயினும் அதன் மதிப்பை அறிய வழிகள் உள்ளன.

மூலமா, அச்சுப் பிரதியா?

முதலில் தெளிய வேண்டியது, கையிலிருப்பது மூல ஓவியமா என்பதே. ராஜா ரவி வர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகம், அவருடைய லட்சுமியையும் சரஸ்வதியையும் நாடெங்கும் உள்ள வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. கண்ணாடிச் சட்டமிட்ட அந்த அச்சுப் படங்களை மூல ஓவியம் என்றே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. பூதக்கண்ணாடியால் பார்த்தால் அச்சுப் படத்தில் வண்ணப் புள்ளிகள் தெரியும். மூல ஓவியத்தில் தூரிகையின் தடமும் வண்ணத்தின் மேடுபள்ளமும் புலப்படும். அச்சுப் பிரதிக்கும் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு உண்டு எனினும் இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. ரவி வர்மாவின் யசோதையும் கிருஷ்ணனும் இடம்பெற்ற மூல ஓவியம் ஒன்று 2023-இல் மும்பை ஏலத்தில் ரூ. 38 கோடிக்கு விற்பனையானது.

காகிதமே சாட்சி

மூல ஓவியம்தான் என்று உறுதியானாலும், யார் வரைந்தது என்பதை நிறுவ வேண்டும். கையொப்பம் மட்டும் போதாது. தில்லியில் 2009-இல் தம் இளமைக்கால ஓவியங்களின் கண்காட்சிக்கு வந்த எஸ்.எச். ராசா, அங்கு மாட்டியிருந்தவற்றில் பெரும்பாலானவை தாம் வரைந்தவையே அல்ல என்று அறிவித்தார். கண்காட்சி உடனே மூடப்பட்டது. ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை எனக் கொல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்ட 20 ஓவியங்கள் போலியானவை என இந்தியத் தொல்லியல் துறை 2011-இல் தெரிவித்தது.

ஜாமினி ராயின் நிலை வேறுவகையானது. சாதாரண மக்களின் வீடுகளிலும் தம் ஓவியம் இருக்க வேண்டும் என்று விரும்பி அவர் குறைந்த விலைக்கு விற்றார். ஒரே காட்சியைத் தம் பட்டறையில் பலமுறை தீட்டச் செய்தார். இதனால் அவருடைய ஓவியம் என்று சொல்லப்படும் ஒன்றை உறுதி செய்வதே இன்று கடினமான பணியாகிவிட்டது.

எனவேதான் வாங்கிய ரசீது, ஓவியர் எழுதிய கடிதம், கண்காட்சிக் கையேடு, ஓவியத்தின் பின்புறம் ஒட்டப்பட்ட சீட்டு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது. ஓவியம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற வரலாறு அறுபடாமல் இருந்தால் விலை உயரும். "அழகுபடுத்துவதாக" எண்ணிப் பழைய சட்டத்தைக் கழற்றி எறிவோர், அதன் பின்னுள்ள சான்றையும் சேர்த்தே எறிந்து விடுகின்றனர்.

ஓர் ஓவியம், மூன்று விலைகள்

ஒரே ஓவியத்துக்கு ஒரே விலை என்பதும் இல்லை. காப்பீட்டுக்காகக் கணிக்கப்படுவது, அதற்கு இணையான ஒன்றை மீண்டும் வாங்க ஆகும் தொகை. அது பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். காட்சிக்கூடத்தில் எழுதி வைக்கப்படும் விலையில் கூடத்தின் பங்கும் அடங்கும். ஏலச் செய்தியில் வரும் தொகையில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணமும் பொதுவாகச் சேர்ந்திருக்கும். விற்பவரிடமும் தரகு பிடிக்கப்படும். செய்தித்தாளில் கண்ட தொகை அப்படியே கைக்கு வரும் என்று எண்ணுவோர் ஏமாற்றமே அடைவர்.

பெரிய ஏல நிறுவனங்கள், ஓவியத்தின் புகைப்படம், அளவு, வண்ண வகை, கிடைத்த வரலாறு ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு உத்தேச விலையைக் கட்டணமின்றிக் கூறுகின்றன. அதே ஓவியரின் அதே காலத்து, அதே அளவு ஓவியங்கள் அண்மையில் என்ன விலைக்கு விற்றன என்பதே இக்கணிப்பின் அடிப்படை. ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல் இரண்டு மூன்று இடங்களில் கேட்பது நல்லது. விலை சொல்பவரே வாங்கவும் முன்வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

சட்டமும் விலையும்

ஓவியத்தின் மதிப்பில் நாடாளுமன்றத்துக்கும் பங்கு உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் ரவி வர்மா, ஜாமினி ராய், நந்தலால் போஸ், அம்ரிதா ஷெர்கில், நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி, தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ரவீந்திரநாத், அவனீந்திரநாத், ககனேந்திரநாத் ஆகிய ஒன்பது பேரின் படைப்புகளை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல இயலாது. உள்நாட்டில் விற்கத் தடையில்லை. அம்ரிதா ஷெர்கில் 1937-இல் வரைந்த "கதை சொல்லி" 2023-இல் தில்லி ஏலத்தில் ரூ. 61.8 கோடிக்கு விற்றது. 100 ஆண்டுகளைக் கடந்த ஓவியம் தொல்பொருளாகும். அதைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும்.

வரியும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு அளிக்கப்பட்டிருந்த மூலதன ஆதாய வரி விலக்கிலிருந்து ஓவியங்களை 2007-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நீக்கியது. தாத்தா வாங்கிய ஓவியத்தைப் பேரன் விற்றாலும் ஆதாயத்துக்கு வரி செலுத்த வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். இதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை பெரிதும் உதவும்.

ஓவியருக்கு என்ன கிடைக்கும்?

தாமே வரைந்து விற்கும் ஓவியரின் நிலை இன்னும் சிக்கலானது. ஏல வரலாறு இல்லாத இளம் ஓவியர்கள் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு விலை வைப்பதுண்டு. இதில் ஒரு நன்மை, வாங்குவோரிடம் ஆளுக்கொரு விலை சொல்ல நேராது. ஒருமுறை உயர்த்திய விலையைக் குறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும் என்பதால் சிறுகச் சிறுக உயர்த்துவதே வழக்கம். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விறுவிறுவென ஏறிய சமகால ஓவியங்களின் விலை, 2008-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சரிந்ததை இத்துறையினர் மறக்கவில்லை.

குறைந்த விலைக்கு விற்ற ஓவியம் பின்னாளில் லட்சங்களுக்குக் கைமாறினால், வரைந்தவருக்கு என்ன? இதற்காகவே பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டின் திருத்தம் வாயிலாக 53-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மூல ஓவியம் ரூ. 10 ஆயிரத்துக்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியருக்கோ அவருடைய சட்டபூர்வ வாரிசுகளுக்கோ அத்தொகையில் பங்கு பெறும் உரிமை உண்டு. அப்பங்கு 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை, அதாவது பதிப்புரிமைக் காலம் முடியும் வரை, இவ்வுரிமை நீடிக்கும்.

உரிமை ஏட்டில் தெளிவாக உள்ளது. ஆனால், ஓவியம் மறுபடி விற்கப்பட்டதை ஓவியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை அப்பிரிவு யார் மீதும் சுமத்தவில்லை. பங்கு எவ்வளவு என்பதையும் அது வரையறுத்துச் சொல்லவில்லை. அதை நிர்ணயிக்கும் பொறுப்பு முதலில் பதிப்புரிமை வாரியத்திடமும், 2017-க்குப் பின் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திடமும் இருந்தது. அவ்வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டதால் இனி நீதிமன்றத்தையே நாட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்காடும் வசதி எத்தனை ஓவியர்களுக்கு உண்டு?

விற்பனைத் தகவலை ஓவியருக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் திருத்தம் வரும் வரை, தற்காப்பு ஓவியரின் கையில்தான் உள்ளது. விற்கும் ஒவ்வொரு படைப்புக்கும் புகைப்படம், அளவு, தேதி, வாங்கியவர் பெயர், விலை ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ரசீதின் நகலைப் பாதுகாக்க வேண்டும். வாங்கியவரின் குடும்பத்துக்கு அது நாளை விலையை உறுதி செய்யும் சான்று. வரைந்தவரின் குடும்பத்துக்கோ தன் பங்கைக் கேட்பதற்கான ஆதாரம்.